மல்லாந்த கரப்பான் செத்த கரப்பான் அல்ல: மருந்தடிக்கையில் நாம் விடும் பிழைகள்

கொக்குவிலில் எங்கள் குசினியில் இரவு பத்து மணிக்கு மருந்தடித்தால், ஐந்து நிமிடத்தில் காஸ் சிலிண்டருக்குப் பின்னால் இரண்டு மூன்று கரப்பான் மல்லாந்து கால் உதறும். அம்மா லைற்றை நிற்பாட்டிவிட்டுப் படுத்துவிடுவா. விடியக் கூட்டப் போனால் அங்கே ஒன்றும் இராது. எறும்பு இழுத்துப்போயிற்று என்றுதான் கனகாலம் நினைத்திருந்தா. ஒருநாள் விழித்திருந்து பார்த்தோம். அவை மெல்லப் புரண்டு, எழும்பி, சுவர் வெடிப்புக்குள் போய்விட்டன.

மல்லாந்ததைச் சாவென்று எண்ணுவதுதான் எல்லாப் பிழைக்கும் தாய். ஸ்பிறே டின்களில் பெரும்பாலும் இருப்பது பைரித்ரோயிட் வகை நஞ்சு. அது நரம்பிலுள்ள சோடியம் வாய்க்கால்களை மூடவிடாது பிடிப்பதால் பூச்சி துடித்து விழுகிறது. ஆனால் அதன் உடலில் பி450 என்ற நொதியக் கூட்டம் உண்டு. நஞ்சைச் சிதைப்பது அதன் வேலை. சிதைவு வேகமாக நடந்தால் பூச்சி பிழைத்துவிடும். அந்த நொதியங்களைக் கட்டிப்போடவே பைபரோனில் பியூட்டொக்சைட் என்ற துணைமருந்தைச் சில டின்களில் சேர்க்கிறார்கள். அந்த அளவில் அது தனியே பூச்சியைக் கொல்லாது. நஞ்சு உடலில் நின்று வேலை செய்ய அவகாசம் கொடுக்கும்.

இது நம் அடுப்படிக்குத் தூரத்து உறவுதான். பூச்சியைக் கொல்லும் பைரித்திரம் என்ற செவ்வந்தி வகைப் பூவின் சாற்றோடு நல்லெண்ணெய் சேர்த்தால் அதன் வலு கூடுகிறது என்று 1940 அளவில் கண்டறிந்தார்கள். அதற்குக் காரணமான, எள்ளிலுள்ள செசமினிலும், மிளகின் பைப்பரினிலும், இந்தத் துணைமருந்திலும் ஒரே வகை வளைய அமைப்பு இருக்கிறது. இதைக் கேட்டதும் டின் மருந்தோடு நல்லெண்ணெய் கலக்கலாமா என்று பெரியம்மா கேட்டா. வேண்டாம். எண்ணெயில் செசமின் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் கரப்பானுக்குச் சாப்பாடு.

துணைமருந்து இருந்தால் எந்தக் கரப்பானும் சாகும் என்பது அடுத்த பிழை. மருந்தைத் தாங்கிப் பிழைக்கும் எதிர்ப்பு பல வழியில் வரும். சிலவற்றில் எஸ்ரரேஸ் என்ற வேறு நொதியம் நஞ்சை உடைக்கிறது. சிலவற்றில் சோடியம் வாய்க்காலே மரபணு மாற்றத்தால் உருமாறி, நஞ்சு அதில் சரியாக ஒட்டாமல் போகிறது. பி450ஐக் கட்டிப்போட்டும் அங்கே பயனில்லை. ஆய்வுகூடத்தில் இதையே அளவுகோலாக்குகிறார்கள். எதிர்ப்புள்ள ஒரு கரப்பான் வழியைக் கொல்ல, எதிர்ப்பில்லாத வழிக்குத் தேவையானதைவிட 20 மடங்கு மருந்து தேவை என்று வைத்துக்கொள்வோம். துணைமருந்து கொடுத்தபின் அது 4 மடங்காக இறங்கினால், எதிர்ப்பில் பெரும்பங்கு பி450இனுடையது. மிச்சத்துக்கு வேறு காரணம் தேடவேண்டும். இப்படி ஒப்பிடும்போது எதிர்ப்பில்லாத வழிக்கும் துணைமருந்து கொடுத்துப் பார்க்கவேண்டும். இதை மறக்கும் மாணவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களின் கணக்கு முழுவதும் சரிந்துவிடும்.

டின்னின் பெயரை மாற்றினால் மருந்து மாறியது என்று நம்புவதும் வீண்செலவு. சைபர்மெத்ரின், பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் எல்லாம் ஒரே குழு. லேபிளில் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள்.

என்னை உண்மையில் பயப்படுத்துவது வேறொன்று. வெங்காயத் தோட்டத்துக்கு அடித்து மிஞ்சிய மருந்தைச் சிலர் குசினிக்குள் கொண்டுவருகிறார்கள். டின் மருந்தோடு சேர்த்தால் இரட்டை வலு வரும் என்ற எண்ணம். மலத்தியன், குளோர்பைரிபொஸ் போன்றவை பூச்சியின் உடலுக்குள் பி450ஆல் மாற்றப்பட்ட பிறகே முழு நஞ்சாகின்றன. அந்த நொதியத்தைத் துணைமருந்து கட்டிப்போட்டால் நஞ்சின் வலு குறையவும் கூடும். கரப்பான் தப்பும், சட்டி பானையிலும் தவழும் பிள்ளையின் கையிலும் நஞ்சு படியும். வாளி கழுவிய தண்ணீரை முற்றத்தில் ஊற்றினால், நம் சுண்ணக்கல் நிலத்தில் அது கிணற்றுக்குப் போக அதிக நேரம் எடுக்காது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

பிரிட்ஜின் மோட்டருக்குப் பக்கத்தில் ஒளிக்கும் சின்ன, மண்ணிறக் கரப்பானுக்கு ஜெல் (தின்னவைக்கும் நஞ்சு இரை) வைப்பதே நல்லது. ஆனால் ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிறே அடிக்கக்கூடாது. வாடைக்கு அவை கிட்ட வராது. பெண் கரப்பான் 30, 40 முட்டை கொண்ட கூட்டைப் பொரிக்கும் காலம்வரை வாலில் சுமந்து திரியும். அந்த நாட்களில் அது குறைவாகவே தின்னும். அதனால் ஒரு மாதமளவில் பழைய, காய்ந்த ஜெல்லைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வைக்கிறோம். இப்போது விடியக் கூட்டும்போது அம்மாவின் தும்புத்தடியில் செத்த கரப்பான் அகப்படுகிறது.