பட்டையோடு கடையும் மரக்கிண்ணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டில் கால், கதிரைக் கால், தொட்டில் கம்பி என்று கடைசல் வேலையில், அதாவது மரத்தை இயந்திரத்தில் சுழலவிட்டு உளியால் உருவாக்கும் வேலையில், கைபழகிய ஒருவருக்குக்கூடப் பட்டையோடு கூடிய மரக்கிண்ணம் முதல் தடவையில் சரிவருவது அரிது. நெடுக்காக இரண்டாகப் பிளந்த மரக்குற்றியின் பட்டைப் பக்கத்தை வாயாகவும் பிளந்த தட்டைப் பக்கத்தை அடியாகவும் வைத்துக் கடையும்போது, மரத்தின் வெளிவளைவே கிண்ணத்தின் விளிம்பாகி, எதிரெதிரே இரண்டு இடங்களில் உயர்ந்தும் மற்ற இரண்டு இடங்களில் தாழ்ந்தும் நிற்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் அதன் அழகு; உளிக்கு அதுவே தொல்லை. இதில் நான் கெடுத்துக்கொண்ட குற்றிகளை எண்ணிப் பார்த்தால், பெரும்பாலானவை இயந்திரம் ஓடத் தொடங்குவதற்கு முன்பே கெட்டுப்போனவை.

முதல் தவறு குற்றியைத் தெரிவு செய்வதில் நேர்கிறது. பட்டைக்கும் மரத்துக்கும் இடையே உள்ள மெல்லிய வளர்படை, மரம் துளிர்த்து வளரும் காலத்தில் ஈரமாகவும் இளக்கமாகவும் இருக்கும். மாரி மழைக்குப் பின் தறித்த வேம்பொன்றில் நான் கடைந்த முதற் கிண்ணத்தின் பட்டை, பாதி வேலையில் முழு வளையமாகக் கழன்று சுவரில் போய் அடித்தது. ஆடி, ஆவணி வரட்சியில் வளர்ச்சி மந்தமாக இருக்கும்போது தறித்த மரத்தில் பட்டை இறுக்கமாக நிற்கும். தறித்த அன்றே குற்றியின் இரு வெட்டுமுகங்களிலும் மெழுகு பூசாமல் விட்டால், சோளகக் காற்றில் ஓரிரு நாளிலேயே வெடிப்பு ஓடிவிடும். குற்றியைப் பிளக்கும்போது நடுமையம் கிண்ணத்துக்குள் வராதபடி அதை ஒட்டி ஒரு விரல் தடிப்பை வெட்டி ஒதுக்க வேண்டும். வெடிப்புகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் புறப்படுகின்றன.

இந்த வேலைக்குப் பூவரசை நான் முதலில் வைப்பேன். கரிய பட்டை, வெளிறிய வெள்ளை (பட்டையை அடுத்த இளமரம்), கபில நிற வைரம் (உள்ளிருக்கும் முற்றிய மரம்) என மூன்று நிறமும் ஒரே விளிம்பில் அடுக்காகத் தெரியும். ஆனால் இலங்கையில் எங்கள் பூவரசுகள் பெரும்பாலும் வேலியில் நின்றவை. கம்பியும் ஆணியும் பட்டைக்குள் புதைந்து, அதன்மேல் மரம் வளர்ந்து மூடியிருக்கும். போர்க்காலத்தைக் கடந்து நின்ற பெருமரங்களில் எறிகணைச் சிதறல்கள் இருப்பதை மரக்காலைக்காரர் நன்கறிவர். ஆகவே உலோகத்தைக் காட்டும் கருவியாலோ, அது இல்லையெனில் வலுவான காந்தத்தாலோ குற்றி முழுவதையும் தடவிப் பார்க்காமல் உளி வைக்கக் கூடாது. பலா கிடைத்தால் நல்லதுதான், ஆயினும் அதைத் தறிக்க அனுமதிப் பத்திரம் வேண்டும். பனையில் இக்கிண்ணத்தை முயல்வது வீண்: அதற்கு உரித்தெடுக்கத்தக்க பட்டையும் இல்லை, வெளியே வைரமாகவும் உள்ளே சோறாகவும் இருப்பதால் சுவர் ஒரே சீராக நிற்பதும் இல்லை.

அடுத்தது நடுப் பிடித்தல். பொறுமை அதிகம் வேண்டிய இடமும், பலர் அவசரப்படும் இடமும் இதுதான். குற்றியை முதலில் இரண்டு முனைகளுக்கு இடையில் பிடிக்க வேண்டும். பட்டைப் பக்கம் ஓட்டுமுனைக்கும் (குற்றியைச் சுழற்றும் பல்முனை) தட்டைப் பக்கம் பின்முனைக்கும் (மறுபக்கம் தாங்கும் கூர்முனை) வரும். ஓட்டுமுனையின் பற்களைப் பட்டையின் மேலேயே குத்திவிட்டால், சிறிது நேரத்தில் பட்டை நசுங்கிப் பிடி வழுக்கும். அந்த இடத்தில் மட்டும் பட்டையைக் கொத்தி எடுத்து, பற்கள் திடமான மரத்தில் ஊன்றும்படி செய்ய வேண்டும். பின்னர் மின்சாரத்தைப் போடாமல் கையால் சுற்றி, உளிதாங்கியில் வைத்த பென்சிலுக்கு நேராக உயர்ந்த இரண்டு முனைகளும் ஒரே மட்டத்தில் வருகின்றனவா, தாழ்ந்த இரண்டும் தங்களுக்குள் ஒரே மட்டத்தில் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால், தட்டைப் பக்கத்துப் பின்முனையை, விளிம்பு உயர்ந்து நிற்கும் பக்கமாகச் சில மில்லிமீற்றர் நகர்த்த வேண்டும். அச்சு சாய்ந்து மட்டம் சரியாகும். குற்றியின் வெளித்தோற்றத்தை நம்பிக் கவராயத்தால் நடுவைக் குறித்து, அதையே முடிந்த முடிவாகக் கொள்பவரின் கிண்ணம், ஒரு காது உயர்ந்த நாய்க்குட்டியைப் போலத்தான் வந்து சேரும்.

இவ்வாறு நிறுத்திய குற்றி சமநிலை இல்லாதது என்பதால், வேகத்தை ஆகக் குறைந்த நிலையிலிருந்தே கூட்ட வேண்டும். விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுற்றோடு பெருக்கினால் 6,000 முதல் 9,000 வரை வரவேண்டும் என்பது கடைசல்காரரிடையே வழங்கும் கணக்கு. 10 அங்குலக் கிண்ணத்துக்கு 600 முதல் 900 சுற்று. குற்றி உருண்டு சீராகும் வரை அதற்கும் கீழேதான் நிற்க வேண்டும். தோளில் துவாயோடும், முழுக்கைச் சட்டையோடும், கையுறையோடும் இயந்திரத்தின் முன் நிற்பது வீரமல்ல. முழு முகக்கவசம் கட்டாயம், ஏனெனில் இவ்வேலையில் பறப்பது தூசி மட்டும் அல்ல, பட்டையும்தான்.

வெளிப்புறத்தைக் கடைந்து, அடியில் பிடிப்பதற்கு ஒரு முளையை விட்டு, கிண்ணத்தைத் திருப்பி அந்த முளையை இயந்திரத்தின் கவ்வியில் பூட்டிய பின், உளி விளிம்பில் பாதி நேரம் மரத்தையும் பாதி நேரம் காற்றையும் வெட்டும். காற்றில் சாய வைத்தால் உளி உள்ளே விழுந்து அடுத்த உயர்முனையில் மோதும். உளியைத் தாங்கியில் அழுத்திப் பிடித்து, மரத்தின் மேல் அழுத்தாமல், மிக மெதுவாகச் செலுத்துவதே வழி. உளி கூராக இல்லாமல் விளிம்பைத் தொடவே கூடாது. உட்புறத்தில் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வெட்டினால் பட்டை மரத்தோடு சேர்த்து அழுத்தப்படும். வெளிப்புறத்தில் அடியிலிருந்து மேலேறி வந்து விளிம்பால் வெளியேறும் வெட்டு பட்டையை நெம்பித் தள்ளும் என்பதால், அங்கே கடைசி அரை அங்குலத்தைப் பட்டையிலிருந்து உள்நோக்கி மென்மையாக வெட்டுவது நல்லது. பட்டை சேரும் கோட்டில் நீர்மையான சுப்பர் குளூவை முன்கூட்டியே ஓடவிட்டுக் காயவைத்துக்கொண்டால் அச்சம் பாதியாகும்; மரத்தில் கறை ஊறாதபடி அளவோடு விட வேண்டும்.

உள்ளே முழுவதையும் குடைந்துவிட்டுப் பின்னர் விளிம்பை மெலிதாக்கலாம் என்று நினைப்பது அடுத்த பெருந்தவறு. பச்சைமரம் குடையக் குடைய உருமாறும். மெலிந்த விளிம்பு அதிரவும் செய்யும். மேல் ஓர் அங்குலத்தை 6 அல்லது 8 மில்லிமீற்றர் என்ற இறுதித் தடிப்புக்குக் கொண்டுவந்துவிட்டு, அடுத்த அங்குலத்துக்கு இறங்க வேண்டும். இறங்கிய பின் மேலே திரும்பி வரக்கூடாது. சுழலும்போது மங்கலாகத் தெரியும் விளிம்பின் நிழலைப் பார்த்துத் தடிப்பை மதிக்க, பின்னால் ஒரு வெள்ளைக் கடதாசியை வைத்தால் போதும்.

ஓடுகின்ற கிண்ணத்தின் விளிம்பில் விரலால் அரத்தாள் பிடிப்பதை நான் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. உயர்முனை விரலை அடித்து முறித்துவிடும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, 120 ஆம் இலக்க அரத்தாளிலிருந்து 320 வரை கையாலேயே தேய்க்க வேண்டும். முதிரை மரமாக இருந்தால் முகமூடியும் வேண்டும், ஏனெனில் அதன் தூள் சிலருக்குத் தோலில் எரிவையும் தடிப்பையும் உண்டாக்கும்.

முடிந்த கிண்ணத்தை வெயிலிலோ தகரக் கூரையின் கீழோ வைக்காமல், அதன் சீவலோடு சேர்த்துக் கடதாசிப் பைக்குள் இட்டு, காற்றுப் படாத மூலையில் சில கிழமைகள் விட வேண்டும். ஒரே தடிப்பாகக் கடைந்திருந்தால் அது வெடிக்காமல் சற்றே நீள்வட்டமாக வளையும், வளையட்டும். காய்ந்த பிறகு தேங்காய் எண்ணெய் பூசுவது இங்கே வழக்கம். அது உலர்வதில்லை, தூசியை இழுத்துப் பிசுபிசுத்து, காலப்போக்கில் காறல் மணமும் எடுக்கும். உலரும் இயல்புள்ள ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசித் துடைத்து, ஒரு நாள் இடைவெளி விட்டு மறுபடி பூச வேண்டும்; எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவிட வேண்டும், சுருட்டிப் போட்டால் அது தானாகவே தீப்பற்றக்கூடும்.