சம்ப் தண்ணீர் காவேரிக் குழாய்க்குள் திரும்பிப் போகாமல் தடுப்பது எப்படி: பெங்களூரு வீட்டுக்காரர்களுக்கு

காவேரித் தண்ணீர் தெருவிலிருந்து வீட்டுக்கு வருமே தவிர, வீட்டிலிருந்து தெருவுக்குப் போகாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். போகும். தெரு வால்வை மூடியதும் குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீர் பள்ளத்து வீடுகளுக்கு இறங்கிவிடும். மேட்டுப் பக்கம் குழாய் காலியாகி உறிஞ்ச ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் மேட்டு வீட்டுச் சம்ப்பில் (நிலத்தடித் தொட்டியில்) குழாயின் நுனி தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால், கேனிலிருந்து டியூப் போட்டு மண்ணெண்ணெய் இறக்குவது போலச் சம்ப் தண்ணீர் தெருக் குழாய்க்குள் இறங்கும். மறுபடி தண்ணீர் விடும்போது அது யார் வீட்டுக் குடத்தில் விழும் என்று சொல்ல முடியாது. மேடும் பள்ளமுமான இந்த ஊரில், விட்டு விட்டுத் தண்ணீர் வரும் தெருக்களில், வால்வை மூடும் ஒவ்வொரு முறையும் இதற்கு வாய்ப்பு உண்டு.

அமெரிக்க நகராட்சிகள் பலவற்றில் இதற்கென்றே ஒரு தடுப்பு வால்வு பொருத்தி, உரிமம் பெற்றவரைக் கொண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதித்துச் சான்று தர வேண்டும். அந்த வால்வுகளில் மிகப் பாதுகாப்பான வகை, தண்ணீர் கடக்கும்போதே ஏறத்தாழ 7 மீட்டர் உயரத்துக்கான அழுத்தத்தைத் தின்றுவிடும். நம் தெருக் குழாயில் பல நேரம் அவ்வளவு அழுத்தமே இருப்பதில்லை. சம்ப் உள்ள வீட்டுக்கு அதைவிட நம்பகமான தடுப்பு ஒன்று உண்டு. அது வெறும் காற்று இடைவெளி. அதில் தேய்வதற்கோ சிக்கிக்கொள்வதற்கோ எதுவும் இல்லை.

சம்ப் மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, காவேரிக் குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். குழாய் நுனிக்கும் தண்ணீர் ஏறக்கூடிய உச்ச மட்டத்துக்கும் நடுவே குழாய் விட்டத்தின் இரண்டு மடங்கு இடைவெளி வேண்டும். முக்கால் இஞ்ச் குழாய்க்கு 40 மி.மீ., ஒரு இஞ்ச் குழாய்க்கு 50 மி.மீ. எவ்வளவு சின்னக் குழாயானாலும் 25 மி.மீ.க்குக் குறையக் கூடாது. இங்கேதான் பலர் தப்பாக அளக்கிறார்கள். ஃப்ளோட் வால்வு மூடும் இடம் உச்ச மட்டம் அல்ல. ஃப்ளோட் ஒருநாள் சிக்கிக்கொள்ளும். அன்றைக்குத் தண்ணீர் ஓவர்ஃப்ளோ குழாய் வரை ஏறும். ஓவர்ஃப்ளோவே இல்லையென்றால் மூடி வரை ஏறும். அங்கிருந்து அளந்து பாருங்கள். ஓவர்ஃப்ளோ குழாய் உள்ளே வரும் குழாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், வாயில் வலை வேண்டும், எந்தக் காரணத்துக்காகவும் அது சாக்கடைச் சேம்பரில் போய் முடியக் கூடாது.

தண்ணீர் விழும் சத்தம் ராத்திரி தூங்க விடவில்லை என்று குழாய் நுனியில் ஒரு டியூபை மாட்டி அடிவரை விட்டிருப்பார்கள். நாம் பார்க்கும் தவறுகளில் இதுதான் மிகச் சாதாரணம், இதுதான் மிக மோசம். இன்றைக்கே கழற்றிவிடுங்கள். டேங்கர்காரர் விடும் ஹோஸும் சம்ப்பின் வாயோடு நிற்கட்டும். தெருவில் கிடந்த ஹோஸ் தண்ணீரில் முங்கக் கூடாது.

தெருக் குழாய் பூமிக்கடியில் வருவதால், பல சம்ப்களில் அது மூடிக்கு ஓர் அடி கீழே சுவரைத் துளைத்துக்கொண்டு நுழைகிறது. அப்படியானால் மீட்டருக்கு அப்புறம் குழாயை எல்போ போட்டுத் தரைக்கு மேலே தூக்கி, சம்ப் வாயின் உயர்ந்த கட்டு வழியாக உள்ளே இறக்குங்கள். மூன்று எல்போ, ஒரு யூனியன் (கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு), ஒன்றரை மீட்டர் குழாய் போதும். கட்டு தரையிலிருந்து 150 மி.மீ.யாவது உயர்ந்திருந்தால் மழைத் தண்ணீரும் உள்ளே வராது. அந்த உயரத்துக்குக்கூடத் தண்ணீர் ஏறாத தெரு என்றால், ஓவர்ஃப்ளோவை உள்ளே வரும் குழாய்க்குக் கீழே இறக்கி, தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழிக்கு விடலாம். ஆனால் கனமழையில் உறிஞ்சு குழி நிரம்பித் திரும்பி வரும் என்பதால் இது இரண்டாம் பட்சம்தான்.

தண்ணீர் கொஞ்சமாக வருகிறதென்று மீட்டரைக் குழிக்குள் இறக்கி வைத்திருக்கும் வீடுகளில் அந்தக் குழியையும் பாருங்கள். அதில் தண்ணீர் தேங்கி, மூட்டு லேசாகக் கசிந்தாலும், குழாய் உறிஞ்சும் நேரத்தில் அந்தச் சேற்றுத் தண்ணீர் உள்ளே போகும். குழாயோடு நேரடியாக மோட்டார் போட்டு இழுப்பது இந்த உறிஞ்சலைப் பல மடங்காக்கும். அதற்குத் தடை இருப்பதும் சரியே.

அடுத்தது போர் (ஆழ்துளைக் கிணறு) லைன். காவேரி வராத நாளில் உதவும் என்று போர் குழாயையும் காவேரிக் குழாயையும் ஒரு டீ (T வடிவ இணைப்பு) வைத்து இணைத்து, நடுவில் ஒரு கேட் வால்வு போட்டிருப்பார்கள். குடிநீர்க் குழாயை வேறு தண்ணீர்க் குழாயோடு இணைக்கவே கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித் தொகுப்பு. கேட் வால்வுக்குள் மண் ஒரு துணுக்கு சிக்கினால் போதும், போர் மோட்டார் தள்ளும் தண்ணீர் நேராகத் தெருவுக்குப் போகும்.

இணைப்பு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கக் காவேரி வராத நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மீட்டருக்கு அப்புறம் வீட்டுப் பக்கம் இருக்கும் யூனியனைக் கழற்றுங்கள். மீட்டர் சீலைத் தொடாதீர்கள். தெருப் பக்க வாயை மூடிவிட்டு, வீட்டுப் பக்க வாய்க்குக் கீழே பக்கெட் வையுங்கள். குழாயில் நின்ற தண்ணீர் வடியட்டும். சொட்டு நின்ற பிறகு போர் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள், பிறகு சம்ப் மோட்டாரைப் பத்து நிமிடம். பக்கெட்டில் புதுத் தண்ணீர் விழுந்தால் எங்கோ இணைப்பு இருக்கிறது. வால்வை இறுக்கி மூடித் திருப்திப்படாதீர்கள். டீயை வெட்டி எடுத்து, இரண்டு முனையிலும் எண்ட் கேப் போட்டு, இரண்டு தண்ணீரும் தனித்தனிக் குழாயில், தனித்தனி இடைவெளியோடு சம்ப்பில் விழச் செய்யுங்கள்.

“என்.ஆர்.வி. போட்டிருக்கே” என்பது எங்கும் கேட்கும் பதில். தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் போக விடும் வால்வு அது. மோட்டாருக்கு அது நல்லது, குடிநீர்ப் பாதுகாப்புக்குப் போதாது. போர் தண்ணீரின் உப்புப் படிந்து உள்ளே இருக்கும் பலகை முழுதாக மூடாமல் நிற்கும். நின்றுவிட்டதை வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ளவும் முடியாது.

சுத்திகரித்த கழிவுநீரை ஃப்ளஷ்ஷுக்கு விடும் அபார்ட்மெண்ட்களில் சோதனை வேறு மாதிரி. மாடியில் குடிநீர் டேங்கின் வெளியேறும் வால்வுகளை எல்லாம் மூடி, ஒரு வீட்டுக் குழாய்களை எல்லாம் திறந்து விடுங்கள். கால் மணி நேரத்தில் எல்லாம் வற்ற வேண்டும். ஏதாவது ஒரு குழாயில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால், அது ஃப்ளஷ் லைனிலிருந்து வருகிறது. பிறகு ஃப்ளஷ் லைனை மூடி, குடிநீரைத் திறந்து அதே சோதனை. ஃப்ளஷ் டேங்க் நிரம்பக் கூடாது. ஒவ்வொரு வீட்டிலும் செய்தாக வேண்டும், ஏனென்றால் பாத்ரூமை இடித்துக் கட்டும்போதுதான் பிளம்பர் பக்கத்தில் இருக்கும் குழாயில் இணைத்துவிடுவார். ஃப்ளஷ் டேங்க் வற்றும் நாளில் நல்ல தண்ணீர் விடுவதானால் அதுவும் மேலிருந்து இடைவெளியோடு விழ வேண்டும்.

தெருக் குழாய் ஏற்கெனவே கெட்டிருக்கிறதா என்று பார்க்க, தண்ணீர் வந்த முதல் நிமிடத்திலும் அரை மணி கழித்தும் சம்ப்புக்கு முன்னாலேயே இரண்டு பாட்டில் பிடியுங்கள். கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் முதல் பாட்டில் மிக அதிகமாகக் காட்டினால், போர் தண்ணீர் உள்ளே போயிருக்கலாம். குளோரின் சோதனைச் சொட்டில் லிட்டருக்கு 0.2 மி.கி.யாவது காட்ட வேண்டும். மலக் கிருமிக்கு எச்.டூ.எஸ். குப்பி வாங்கிக் கோடு வரை நிரப்பி, 48 மணி நேரம் வையுங்கள். கறுத்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், பெங்களூரு குடிநீர் வாரியமான ஜலமண்டலியின் 1916 எண்ணில் சொல்லுங்கள். பக்கத்து வீடுகளுக்கும் சொல்லுங்கள், அவர்களுக்கும் அதே குழாய்தான்.

சம்ப் கெட்டிருந்தால் காலி செய்து தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்பி, 1000 லிட்டருக்கு 150 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். ஒரு ராத்திரி வைத்து, முழுதும் வெளியேற்றுங்கள். அந்தத் தண்ணீர் குடிக்கவோ குளிக்கவோ ஆகாது. சம்ப்பில் ஆள் இறங்குவதற்கு முன் மூடியை நன்றாகத் திறந்து வைத்துக் காற்றோட்டம் கொடுங்கள், மோட்டாரின் மெயின் சுவிட்சை அணையுங்கள், மேலே ஓர் ஆள் நிற்கட்டும். மூச்சு முட்டிச் சம்ப்பிலேயே உயிர் போன வீடுகள் உண்டு.

வேலை முடிந்ததும் காவேரிக்கு ஒரு நிறம், போருக்கு ஒரு நிறம், ஃப்ளஷ் லைனுக்கு ஒரு நிறம் என்று குழாய்களில் பெயிண்ட் அடித்து, எது எங்கே போகிறது என்று படம் வரைந்து மோட்டார் அறையில் ஒட்டுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, பிளம்பர் வேலை நடந்தால் அன்றைக்கே, யூனியனைக் கழற்றிப் பக்கெட் வைத்து மறுபடி பாருங்கள்.