மலைவீட்டு நீச்சல்குளம்: ஹீட்டருக்கு முன்னால் மூடி

உதகை, கொடைக்கானல் பக்கம் வீட்டில் நீச்சல்குளம் கட்டுகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஹீட்டர் நல்லது?" என்றுதான். குளத்தின் மேல் விரிக்கும் மூடி வாங்கிவிட்டீர்களா என்று நான் திருப்பிக் கேட்பேன். குளத்துச் சூட்டில் பெரும்பங்கு ஆவியாகித்தான் போகிறது. விடியற்காலையில் தண்ணீர்மேல் புகைபோல் எழுகிறதே, அது உங்கள் மின்கட்டணம்.

40,000 லிட்டரை 1 டிகிரி சூடாக்க ஏறக்குறைய 47 யூனிட் வேண்டும். 15 டிகிரியிலிருந்து 27க்கு ஏற்ற 560 யூனிட், அதுவும் இடையில் சூடு சிறிதும் வீணாகாவிட்டால். சாதாரண மின்ஹீட்டர் இதை அப்படியே விழுங்கும். ஹீட் பம்ப் காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்துக் கொடுப்பதால் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ போதும். ஆனால் காற்று குளிரக் குளிர அதன் திறன் இறங்கும். மார்கழி உறைபனியில் இரவு முழுக்க ஓட்டாமல் நண்பகலில் ஓட்டுங்கள். விற்பவர் வெதுவெதுப்பான காற்றுக்குரிய திறனைத்தான் காட்டுவார். 10 டிகிரியில் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வெயிலில் தண்ணீரைச் சூடாக்கும் சூரியத் தகடு என்றால் கண்ணாடி மூடியதே சரி. திறந்த கறுப்புக் குழாய்கள் சமவெளிக்கு ஏற்றவை. இங்கே வீசும் காற்றே சூட்டைத் துடைத்துக்கொண்டு போய்விடும். ஆடி மாத மேகமூட்டத்தில் இரண்டுமே நனைந்த விறகுதான்.