எலியைச் சுடும் முன் அதன் பின்னால் பாருங்கள்

இங்கிலாந்தில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும் தெருவில், உங்கள் பின்தோட்டத்து எலியை ஏர்கன் என்ற காற்றழுத்தத் துப்பாக்கியால் சுடச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் குண்டு உங்கள் எல்லையைத் தாண்டினால் குற்றம், யார் மேலும் படாவிட்டாலும் கூட. பக்கத்து நிலத்துக்காரர் சம்மதித்திருந்தால் மட்டும் விலக்கு.

அதனால் எலியைவிட அதற்குப் பின்னால் இருப்பதுதான் முக்கியம். ஈயக்குண்டு செங்கல்லிலோ தளக்கல்லிலோ பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. மெல்லிய வேலிப் பலகையைத் துளைத்துக்கொண்டும் போகும். அந்தப் பக்கம் குழந்தை விளையாடிக்கொண்டிருக்கலாம்.

மாடி ஜன்னலிலிருந்து கீழ்நோக்கிச் சுடுவது நல்லது. குறி தப்பினாலும் குண்டு ஈரமண்ணில் புதையும். எலி வரும் பாதையில் கொஞ்சம் தீனி வைத்து, பின்னால் மணல் மூட்டைகளை அடுக்குங்கள். தரை முழுக்கக் கல் பாவியிருக்கிறதா? அப்படியென்றால் துப்பாக்கியை விடுங்கள், பொறி வையுங்கள். கூரை மேல் இருக்கும் புறாவை நோக்கி மேலே சுடவே வேண்டாம். தப்பிய குண்டு பல வீடுகளைத் தாண்டிப் போய் விழும்.

ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் ஏர்கன் வைத்திருக்கவே சான்றிதழ் வேண்டும். அப்புறம், பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஜன்னலில் துப்பாக்கியைப் பார்த்தால் யாருமே பயந்து போலீஸைத்தான் கூப்பிடுவார்கள்.