வங்கதேச வணிகத் தொடர்புகளைப் பேணுவதில் நாம் செய்யும் தவறுகள்

2024 ஜூலை 18 அன்று இரவு, மாணவர் போராட்டத்தின் நடுவே, வங்கதேசத்தில் இணையம் முற்றிலுமாகத் துண்டிக்கப்பட்டபோது, கோவையிலும் திண்டுக்கல்லிலும் ராஜபாளையத்திலும் இருந்து நூல் ஏற்றுமதியாளர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் ஒற்றை டிக்குடன் நின்றுபோயின. அகலக்கற்றை இணைப்பு ஐந்து நாட்களுக்குப் பிறகே ஓரளவு திரும்பியது. கைபேசி இணையம் ஜூலை 28 வரை வரவில்லை. ஆகஸ்ட் 5 அன்று பிரதமர் ஷேக் ஹசீனா பதவி விலகி நாட்டைவிட்டு வெளியேறினார். ஆகஸ்ட் 8 அன்று முகம்மது யூனுஸ் தலைமையில் இடைக்கால அரசு பொறுப்பேற்றது. இந்தியப் பருத்தி நூலை மிக அதிகமாக வாங்கும் நாடு வங்கதேசம் என்பதால், அந்த மூன்று வாரங்களில் அறுந்த தொடர்புகள் தமிழ்நாட்டு நூற்பாலைகளையும் நேரடியாகத் தொட்டன. சிலருடைய தொடர்புகள் விரைவில் சீரடைந்தன. சிலருடையவை இன்றுவரை சீரடையவில்லை. இந்த வேறுபாட்டுக்கு அரசியலைக் காட்டிலும் நம்முடைய பழக்கங்களே பெரிதும் காரணம் என்பது என் கணிப்பு.

முதல் தவறு, நிலைமை தெளியட்டும் என்று மௌனமாகக் காத்திருந்துவிட்டு, இணையம் வந்ததும் நிலுவைத் தொகையைப் பற்றி முதல் செய்தியை அனுப்பியது. அந்த ஜூலை, ஆகஸ்ட் நாட்களில் 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. நாராயண்கஞ்சிலும் காசிப்பூரிலும் சாவாரிலும் உள்ள பின்னலாடை ஆலைகளில் நம்மோடு பேசும் மெர்ச்சண்டைசர்களில், அதாவது ஆர்டர்களைக் கவனிக்கும் ஊழியர்களில், பலர் இளைஞர்கள். அவர்களுடைய தம்பியோ தங்கையோ வகுப்புத் தோழரோ அந்த நாட்களில் தெருவில் நின்றிருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்டவரிடம் "வீட்டில் எல்லோரும் நலமா, அப்பா அம்மா பத்திரமாக இருக்கிறார்களா" என்று கேட்டு, வேலை பற்றி எதுவும் சேர்க்காமல் அனுப்பிய ஒரு செய்தி, பின்னர் பத்து நினைவூட்டல்கள் சாதிக்காததைச் சாதித்தது. பணத்தைக் கேட்கவே கூடாது என்பதில்லை. நமக்கும் பஞ்சு வாங்கவும் கூலி கொடுக்கவும் பணம் வேண்டும். அந்தக் கேள்வி இரண்டாவது செய்தியாக, மறுநாள் போனால் போதும்.

இரண்டாவது தவறு, நம் ஊர்த் தொலைக்காட்சியில் பார்த்ததை அவர்களுக்கே அனுப்புவது. நடந்ததை அங்குள்ளவர்கள் 'கண அப்யுத்தான்', அதாவது மக்கள் எழுச்சி என்கிறார்கள். நாம் எழுத்திலோ பேச்சிலோ அதைக் 'கலவரம்' என்று குறிப்பிட்டால், அந்த ஒரு சொல்லே நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று அவர்கள் முடிவுசெய்யப் போதுமானதாகிவிடுகிறது. ஹசீனா வந்து சேர்ந்தது இந்தியாவுக்குத்தான் என்பதால், இந்தியரின் சொல் ஒவ்வொன்றும் கூடுதலாக எடைபோடப்படுகிறது என்பதையும் மறக்கக்கூடாது. அதே வேளையில் எழுச்சியைப் புகழ்ந்து பேசுவதும் பாதுகாப்பன்று, ஏனெனில் எதிரில் இருப்பவர் அதனால் வேலையையோ உறவினரையோ இழந்தவராக இருக்கலாம். சிறுபான்மைச் சமூகத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவரைப் பற்றிக் கவலை இருந்தால், பத்துப் பேர் இருக்கும் குழுவில் கேட்காமல் அவரைத் தனியாக அழைத்துக் கேளுங்கள். அவர் எவ்வளவு சொல்ல விரும்புகிறாரோ அவ்வளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் அதிக இழப்பைத் தரும் தவறு, மனிதரையும் அவர் அமர்ந்திருந்த நாற்காலியையும் ஒன்றாக எண்ணுவது. அமைதியான காலத்தில் இவை இரண்டும் சேர்ந்தே நகரும். ஆட்சி கவிழ்ந்த நாட்டில் தனித்தனியாகப் பிரிந்துபோகின்றன. பழைய ஆட்சிக்கு நெருக்கமான உரிமையாளர்கள் சிலர் கைதாயினர், சிலர் வெளிநாடு சென்றனர். ஆடை ஏற்றுமதியாளர் சங்கமான பி.ஜி.எம்.இ.ஏ.வின் நிர்வாகக் குழு 2024 அக்டோபரில் கலைக்கப்பட்டு, அரசு நியமித்த நிர்வாகி அமர்ந்தார். வணிகச் சங்கங்களின் கூட்டமைப்பான எஃப்.பி.சி.சி.ஐ.யிலும் அதற்கு முந்தைய மாதம் அப்படியே நடந்தது. பெரிய குழுமங்களின் ஆலைகள் சில மூடப்பட்டபோது, அங்கே நூல் வாங்கும் முடிவை எடுத்துவந்தவர்கள் வேறு ஆலைகளுக்குப் போனார்கள். நிறுவன மின்னஞ்சல் முகவரியை மட்டும் வைத்திருந்தவர்களிடம் அந்த முகவரியே மிஞ்சியது. தனிப்பட்ட எண்ணை வாங்கி வைத்திருந்தவர்களும், வேலை இழந்த காலத்தில் அந்த மனிதரை ஒருமுறையாவது அழைத்துப் பேசியவர்களும், ஆறு மாதம் கழித்து இன்னொரு ஆலையின் கொள்முதல் துறையில் அறிமுகத்தோடு நுழைந்தார்கள். பதவி போனவரை அழைத்துப் பேசுவது இலாபம் கருதிச் செய்ய வேண்டிய செயலே அன்று. ஆயினும் தொழிலில் பல ஆண்டுகள் ஒன்றாகப் பயணித்தவருக்கு அந்த மரியாதையைச் செய்யாத ஒருவரை அந்த ஊரில் யாரும் எளிதில் நம்ப மாட்டார்கள்.

இதன் மறுபக்கமாக, ஓர் ஆலையில் ஒரே ஒருவரை மட்டும் தெரிந்து வைத்திருப்பதும் தவறுதான். நாம் பெரும்பாலும் உரிமையாளரிடமோ, ஆர்டர் பிடித்துத் தரும் இடைத்தரகரான இண்டெண்டிங் ஏஜெண்டிடமோ மட்டும் பேசிப் பழகிவிட்டோம். உண்மையில் எல்.சி., அதாவது பணம் தருவதாக வங்கி அளிக்கும் உறுதிக் கடிதம், திறப்பதும் ஆவணங்களை வங்கியிடமிருந்து விடுவிப்பதும் 'கமர்ஷியல்' என்று அவர்கள் அழைக்கும் துறையின் வேலை. சரக்கு சிட்டகாங் துறைமுகத்தில் எங்கே நிற்கிறது என்று அறிந்தவர் கிளியரிங் ஏஜெண்ட். நூலின் தரம் பற்றி உண்மையைச் சொல்பவர் பின்னல் பிரிவின் மேலாளர். இவர்களில் ஒருவர் மாறினாலும் மற்றவர்கள் வழியே செய்தி கிடைக்கும். ஆனால் புதிய எண்ணிலிருந்து ஒருவர் தாம்தான் இனிப் பொறுப்பாளர் என்று எழுதினால், பழைய எண்ணில் பழக்கமான ஒருவரின் குரலைக் கேட்டு உறுதிசெய்யாமல் எந்த ஆவணத்தையும் அனுப்ப வேண்டாம், ஏனெனில் குழப்பமான காலம் ஏமாற்றுவோருக்கு மிகவும் ஏற்றது.

வங்கியைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவது நான்காவது தவறு. பின்னலாடை ஆலைகள் நூல் வாங்குவது பெரும்பாலும் பேக்-டு-பேக் எல்.சி. வழியாகத்தான், ஐரோப்பிய வாங்குநரின் ஆர்டரை அடிப்படையாக வைத்துத் திறக்கப்படும் அந்த எல்.சி.க்கு 90 அல்லது 120 நாட்கள் தவணை உண்டு. அந்த நான்கு மாதங்களில் ஆலையைப் போலவே, சில சமயம் ஆலையைவிட மிகுதியாக, வங்கியின் நிலையே நம் பணத்தைத் தீர்மானிக்கிறது. ஆட்சி மாறிய பின் வங்கதேச வங்கி, அதாவது அந்நாட்டு மத்திய வங்கி, பத்துக்கும் மேற்பட்ட தனியார் வங்கிகளின் இயக்குநர் குழுக்களைக் கலைத்தது. அவற்றில் எக்சிம், சோஷியல் இஸ்லாமி, ஃபர்ஸ்ட் செக்யூரிட்டி இஸ்லாமி, யூனியன், குளோபல் இஸ்லாமி ஆகிய ஐந்தும் 2025 இறுதியில் சம்மிலித இஸ்லாமி வங்கி என்ற ஒரே அரசு வங்கியாக இணைக்கப்பட்டன. நல்ல ஆலை, நேர்மையான உரிமையாளர், முடங்கிய வங்கி என்ற சேர்க்கையில் சிக்கியவர்கள் உரிமையாளரை ஏமாற்றுக்காரராக எண்ணிச் சண்டையிட்டுத் தொடர்பையே முறித்துக்கொண்டதைப் பார்க்க வருத்தமாக இருந்தது. அடுத்த ஆர்டருக்கு எந்த வங்கியில் எல்.சி. திறப்பீர்கள், வேறொரு வங்கியின் உறுதிச்சான்று சேர்க்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டால், அவர்களும் ஒளிவுமறைவின்றிப் பதில் சொல்வார்கள். அவர்களுக்கும் அது பெரிய தலைவலியே.

அரசுகளின் முடிவுக்குத் தொடர்பில் இருப்பவரைப் பொறுப்பாக்குவதும் இதே வகைதான். 2025 ஏப்ரலில் வங்கதேச வருவாய் வாரியம் பெனாபோல் உள்ளிட்ட நில எல்லைச் சாவடிகள் வழியே நூல் இறக்குமதியை நிறுத்தியது. கடல்வழி திறந்தே இருந்தது. அதே மாதம் இந்தியா அந்நாட்டுச் சரக்குகளுக்கு அளித்துவந்த இடைமாற்ற வசதியை, அதாவது நம் துறைமுகங்கள், விமான நிலையங்கள் வழியே வேறு நாடுகளுக்கு அனுப்பும் வசதியை, விலக்கியது. மே மாதம் அங்கிருந்து வரும் ஆயத்த ஆடைகளைக் கொல்கத்தா, நவசேவா துறைமுகங்கள் வழியாக மட்டுமே அனுமதித்தது. நில வழித் தடையை வேண்டியது அந்நாட்டு நூற்பாலைகள். நம்மிடம் நூல் வாங்கும் பின்னலாடைக்காரர்கள் அதனால் நம்மைப் போலவே இழந்தவர்கள். இந்தியாவில் ஓர் அறிவிப்பு வந்தவுடன் அதன் சாரத்தை நாம் எழுதி அனுப்புவதும், அங்கே வரும் அறிவிப்பை அவர்கள் நமக்கு அனுப்புவதும் பழக்கமாகிவிட்டால், இரண்டு பக்கத்திலும் கன்டெய்னர்கள் தவறான இடத்தில் காத்துக் கிடக்க மாட்டா.

நாட்காட்டியைப் புதுப்பிக்காமல் விடுவது சிறிய தவறாகத் தோன்றும். மனத்தைப் புண்படுத்துவதில் அது சிறியதன்று. ஹசீனாவின் தந்தை முஜிபுர் ரஹ்மான் கொல்லப்பட்ட ஆகஸ்ட் 15, ஹசீனா ஆட்சியில் தேசிய துக்க நாள். இடைக்கால அரசு அதையும், முஜிபை நினைவுகூரும் மார்ச் 7, மார்ச் 17 முதலிய வேறு சில நாட்களையும் பட்டியலிலிருந்து நீக்கியது. 2025இல் ஆகஸ்ட் 5 எழுச்சி நாளாகப் பொது விடுமுறை ஆக்கப்பட்டது. டிசம்பர் 16 அவர்களுடைய வெற்றி நாள். அன்று 1971 போரை இந்தியாவின் வெற்றியாக மட்டும் வருணித்து வாழ்த்து அனுப்புவது அங்கே ஆழமாக வலிக்கும். தயங்காமல் வாழ்த்த நமக்கு ஒரு நாள் இருக்கிறது: ஏப்ரல் 14 அவர்களுக்குப் போஹேலா போய்ஷாக், நமக்குச் சித்திரை முதல் நாள். 'ஷுபோ நபோபர்ஷோ' என்று எழுதி, எங்களுக்கும் இன்று புத்தாண்டு என்று சேர்த்தால், அது கடமைக்குச் சொன்ன வாழ்த்தாக இராது. வங்கிகளுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு வேலை நாள். வியாழன் மாலை அனுப்பிய ஆவண வினாவுக்கு வெள்ளியன்று பதில் இல்லை என்று கோபிக்க வேண்டாம். ஆண்களைப் பெயருக்குப் பின் 'பாய்' சேர்த்தும், பெண்களை 'ஆப்பா' சேர்த்தும் அழைப்பது வழக்கம். முதிய உரிமையாளரை 'சாஹேப்' என்பதே பொருத்தம்.

கடைசியாக, விசா கிடைப்பது கடினம் என்பதைக் காரணமாக்கி நேரில் பார்ப்பதையே கைவிடாதீர்கள். 2024 ஆகஸ்டுக்குப் பின் இந்தியா அந்நாட்டவருக்கு வழங்கும் விசாக்கள் வெகுவாகக் குறைந்தன; மருத்துவம் போன்ற அவசரத் தேவைகளுக்கே முன்னுரிமை இருந்தது. அவர்களால் திருப்பூருக்கு வர முடியாதபோது பாங்காக்கிலோ துபாயிலோ சந்திக்கலாம். நம்மால் போக முடிகிறபோது போகலாம். போனால் டாக்காவின் குல்ஷான் பகுதி விடுதியில் அமர்ந்து எல்லோரையும் வரவழைக்காமல், நெரிசலைப் பொறுத்துக்கொண்டு நாராயண்கஞ்ச் வரை சென்று பின்னல் எந்திரங்கள் எத்தனை ஓடுகின்றன, கிடங்கில் யாருடைய கோன்கள் அடுக்கியிருக்கின்றன என்று கண்ணால் பாருங்கள். அங்கே மதியம் ஊழியர் உணவுக்கூடத்தில் சோறும் மீன்குழம்பும் தருவார்கள்; நேரமில்லை என்று சொல்லி எழுந்துவிடாமல் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.