பாட்டு கேட்கப் போன வீட்டில் செய்யக்கூடாதவை

மும்பையில் நம்மவர்களில் ஆடியோ பைத்தியங்கள் சொற்பம். செம்பூரில் ஒருவர், முலுண்டில் ஒருவர், டோம்பிவிலியில் ஒருவர் என்று சிதறிக் கிடப்பார்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோடு கவுன்ட்டரில் கெப்பாசிட்டர் வாங்க நிற்கும்போது பக்கத்து ஆள் தமிழில் முணுமுணுத்ததைக் கேட்டு அறிமுகமானவர்களும் உண்டு. இப்படி அரிதாகக் கிடைத்த சிநேகம் ஒரே ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் கசந்துபோவதைப் பார்த்தால் வயிறு எரியும். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். அடுத்தவர் வீட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டு, அதைக் கடைக்காரனின் டெமோ ரூம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

முதல் பாட்டு முடிவதற்குள் தீர்ப்பு சொல்வதில் ஆரம்பிக்கிறது வினை. “பேஸ் கொஞ்சம் கூம்முனு இருக்கே சார்” என்று வாயில் வந்துவிடும். பேஸ் என்பது பாட்டின் கனத்த கீழ் ஒலி. காதில் விழுந்தது சரியாகவே இருக்கலாம். ஆனால் அது ஸ்பீக்கரின் குற்றமா? எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 10 அடி இருந்தால், சுமார் 56 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 56 அதிர்வு) அறையே சேர்ந்து முழங்கும். பேஸ் கிட்டாரின் ஏ கம்பியை அப்படியே மீட்டினால் வருவது 55 ஹெர்ட்ஸ். ராஜா பாட்டில் பேஸ் கிட்டார் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்க, அந்த ஒரு சுரம் வரும்போது மட்டும் ஏன் ஹாலே எழுந்து நிற்கிறது என்பது இப்போது புரியும். மும்பை வீடுகளில் 10 அடி அகலம் என்பதே பாக்கியம். லட்ச ரூபாய் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து வைத்தாலும் அங்கே அப்படித்தான் கேட்கும்.

இந்த முழக்கம் சுவரை ஒட்டித்தான் மிக அதிகம். சோபாவோ சுவரோடு ஒட்டித்தான் கிடக்கும். அதனால், “ஒரு அடி முன்னால இழுத்துப் போட்டுக் கேட்டுப் பார்க்கலாமா?” என்று கேட்டால் பேச்சு நல்ல திசையில் போகும். ஆனால் அந்த சோபாவை நகர்த்தும் அதிகாரம் நண்பருக்கு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. சமையலறைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

நட்பை அதிகம் பதம் பார்ப்பது ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபையர் ஒப்பீடு. ஒருவர் தன் ஆம்பைத் துணியில் சுற்றி எடுத்து வருவார். வீட்டுக்காரரின் ஆம்போடு மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பார்கள். “உங்களோடது கொஞ்சம் டல்” என்பார் வந்தவர். அப்புறம் இருவரும் மூன்று மாதம் பேசிக்கொள்ள மாட்டார்கள். நடந்தது என்னவென்றால், ஒன்று மற்றதைவிட ஒரு டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) கூடுதல் சத்தத்தில் ஓடியிருக்கும். அவ்வளவு சின்ன வித்தியாசம் காதுக்குச் சத்தமாகத் தெரியாது. தெளிவாகவும் உயிரோட்டமாகவும் இருப்பதாகத் தோன்றும். வால்யூம் திருகு இரண்டிலும் பத்து மணி காட்டுகிறது என்பதெல்லாம் கணக்கே இல்லை.

சத்தத்தைச் சமன் செய்ய ஒரு மல்டிமீட்டர் போதும். ஒரே சீராக ஒலிக்கும் டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் டெர்மினலில் ஏசி வோல்ட் பாருங்கள். ஆம்பை மாற்றியபின் அதே வோல்ட் வரும்வரை திருகைச் சரிசெய்யுங்கள். ஒரு சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் வித்தியாசம் 0.1 டெசிபலுக்குள் அடங்கிவிடும். பலரும் 1,000 ஹெர்ட்ஸ் டோன் போடுவார்கள். மலிவு மீட்டர்கள் பல 400 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பும்படி காட்டும். அதனால் 200 ஹெர்ட்ஸ் டோன் நல்லது. எந்த ஆம்ப் ஓடுகிறது என்பது கேட்பவருக்குத் தெரியக்கூடாது. மாற்றிப் போடுபவர் முகத்தையும் மறைத்துக்கொண்டால் இன்னும் உத்தமம், ஏனென்றால் நம்மாட்கள் முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும். இப்படிக் கேட்டபின் “தெரியலையே” என்று இருவருமே சொல்லிவிட்டு இட்லிக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒயரைக் கழற்றி மாற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம். இரண்டு ஒயர் நுனி உரசினால் ட்ரான்சிஸ்டர் ஆம்பின் அவுட்புட் பகுதி போய்விடலாம். வால்வு ஆம்பில் அபாயம் நேரெதிர். ஸ்பீக்கர் இல்லாமல் பாட்டு ஓடினால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் பழுதாகலாம். போனால் பழுதுச் செலவு யாருடையது என்ற கேள்விக்கு நாகரிகமான பதில் கிடையாது. யார் ஆம்பில் வாட்ஸ் அதிகம் என்ற சண்டையையும் சேர்த்து விட்டுவிடலாம். 50 வாட்ஸுக்கும் 100 வாட்ஸுக்கும் நடுவே உள்ளது வெறும் 3 டெசிபல்.

அடுத்தது இரவல். மாட்டுங்காவில் ஒரு மாமா தன் அப்பா காலத்து 78 தட்டு (நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய இசைத்தட்டு) ஒன்றை ஆசையாக ஒருவருக்குக் கொடுத்தார். வாங்கிப் போனவர் நல்ல மனுஷர். சுத்தம் செய்து திருப்பிக் கொடுக்கலாமே என்று ஸ்பிரிட் தொட்டுத் துடைத்திருக்கிறார். பிற்காலத்து எல்பி இசைத்தட்டு என்றால் தப்பித்திருக்கும், அது வினைல் பிளாஸ்டிக். 78 தட்டோ அரக்கு, ஸ்பிரிட்டில் கரையும். தட்டு திரும்பி வந்தபோது மேலே பால் படிந்தது போல ஒரு வெளுப்பு, ஊசி வைத்தால் இரைச்சல். மாமா ஒரு வார்த்தை பேசவில்லை, காபி கொடுத்து அனுப்பினார். அதன்பின் அந்த வீட்டிலிருந்து யாருக்கும் எதுவும் வெளியே போவதில்லை. 78-க்கு ஊசியும் வேறு. எல்பி ஊசி முனை சுமார் 18 மைக்ரான், 78-க்கு வேண்டியது 75. எல்பி ஊசியையே வைத்தால் பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கைத்தான் கேட்க முடியும். கொடுப்பவர் இதையெல்லாம் சொல்லிக் கொடுக்க வேண்டும், வாங்குபவரும் கேட்டு வாங்க வேண்டும்.

நண்பருக்கு விற்பது இதைவிட வம்பு. பழைய பொருள் விற்கும் சோர் பஜாரில் வாங்கினால் ஏமாறுவோம் என்று தெரிந்தே போகிறோம். நண்பரிடம் அப்படிப் போவதில்லை. இந்த ஊர் ஈரக்காற்றில் ஸ்பீக்கரின் கூம்பு வடிவக் கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் சில வருடங்களில் பிசுபிசுத்து உதிரும். அது மாற்றப்பட்டதா, ஒரு பக்க ட்வீட்டர் (மேல் ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) மட்டும் புதிதா என்பதை விலை பேசும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. வாங்குபவர் கோனின் இரண்டு ஓரத்திலும் விரல் வைத்து மெதுவாக அழுத்திப் பார்க்கட்டும். உரசும் சத்தம் வந்தால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (வாய்ஸ் காயில்) இடிக்கிறது என்று அர்த்தம். எதிரில் அழுத்திப் பார்க்கிறாரே என்று விற்பவர் முகம் சுளிக்கக்கூடாது.

நேரத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஒன் ரூம் கிச்சன் வீட்டில் ஹால்தான் படுக்கையறை, அதுதான் பிள்ளையின் படிப்பறை. நாம் நான்கு பேர் கண்ணை மூடிக்கொண்டு தம்புராவின் நாதத்தை ரசிக்கும்போது, அந்த வீட்டுப் பெண்மணி சமையலறை ஸ்டூலில் போனோடு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு மணி நேரம் போதும். மார்ச் மாதத்தில் அதுவும் வேண்டாம், பரீட்சை. இரவு 10 மணிக்கு மேல் காலை 6 வரை அக்கம்பக்கத்தைத் தொந்தரவு செய்யும் சத்தத்துக்கு 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளிலேயே தடை இருக்கிறது. ட்ரெபிளை, அதாவது மேல் ஒலியைச் சுவர் தடுத்துவிடும், பேஸ் தளத்தையும் தாண்டிக் கீழ்வீட்டுக்காரர் தலைமாட்டில் போய் நிற்கும். அந்தக் கீழ்வீட்டுக்காரரை ஒருமுறை அழைத்துப் பழைய ரஃபி பாட்டு போட்டுக் காட்டிய முலுண்ட் நண்பருக்கு அதன்பின் புகாரே வந்ததில்லை.

புதிதாக வருகிற பையன் ப்ளூடூத் ஸ்பீக்கர் வைத்திருப்பான். “அதெல்லாம் ஸ்பீக்கரா தம்பி?” என்று ஒரு அண்ணன் கேட்டால் போதும், அடுத்த வாரம் வரமாட்டான். அவனை நடு இருக்கையில் உட்கார வையுங்கள். போனில் அவன் தினமும் கேட்கிற பாட்டையே போடச் சொல்லுங்கள், கானாவோ கே-பாப்போ எதுவானாலும் சரி. முடியும்வரை யாரும் பேச வேண்டாம். என்ன வாங்கலாம் என்று அவனே கேட்டால் அவன் பட்ஜெட்டைக் கேளுங்கள், நம்முடையதைச் சொல்ல வேண்டாம். பழைய ஸ்பீக்கர் ஜோடி ஒன்று அமைந்துவிட்டால் லோக்கல் ரயிலின் லக்கேஜ் பெட்டியில் ஏற்ற அவனோடு ஒருவர் போய்விட்டு வரலாம், ஆபீஸ் நேரம் தவிர.