"எத்தனை பாயிண்ட் காட்டுவார்?" நியூயார்க்கில் ஊர்க்காரரோடு நடக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகள் இப்போது அபூர்வம் இல்லை. பேரன் பிறந்தான், புது வீடு வாங்கினார்கள் என்று ஏதோ ஒரு காரணத்துக்கு டிக்கெட் வந்துவிடும். ரிட்டயர் ஆன அப்பாவும் அம்மாவும் கிளம்புவார்கள். போன இடத்தில் பிள்ளைகள் காலையிலேயே வேலைக்குப் போய்விட, இவர்கள் ஜன்னலையும் டிவியையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சனி ஞாயிறு வந்தால் லிபர்ட்டி சிலை, டைம்ஸ் ஸ்கொயர், எம்பயர் ஸ்டேட் கட்டிடம். நாலு போட்டோ. நியூயார்க் பார்த்தாயிற்று.

சீசனில் வந்து போட் ஹவுஸ், ரோஸ் கார்டன், தொட்டபெட்டா மூன்றையும் முடித்துவிட்டு "ஊட்டி இவ்வளவுதானா?" என்று கேட்கிறவர்களைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். காந்தல் தெருக்கள் அவர்கள் கண்ணில் படுவதில்லை. கேத்தி பாலாடாவில் கேரட்டைக் கழுவி மூட்டை கட்டுவதைப் பார்க்க யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. வெளியூர் போனால் நாமும் அதே வேலையைத்தான் செய்கிறோம்.

நியூயார்க் போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால் நான் சொல்லும் பெயர் 'பிக் ஆப்பிள் கிரீட்டர்'. 1992-இல் லின் புரூக்ஸ் என்ற நியூயார்க் பெண்மணி தொடங்கியது. அந்த ஊர் என்றாலே பயம், செலவு, கூட்டம் என்று வெளியே பேச்சு இருந்த காலம் அது. ஊரில் குடியிருக்கிறவரே விருந்தாளியை அழைத்துக்கொண்டு தன் பேட்டையைச் சுற்றிக் காட்டினால் அந்தப் பயம் போய்விடும் என்று அவர் நினைத்தார். இப்போதும் ஏற்பாடு அதேதான்: கிரீட்டர் என்று அழைக்கப்படும் தன்னார்வலர் ஒருவர், தனக்குப் பழகிய பகுதியை, இரண்டு முதல் நான்கு மணி நேரம் உங்களோடு நடந்தும் 'சப்வே' என்கிற சுரங்க ரயிலில் ஏறியும் காட்டுவார். கட்டணம் கிடையாது. சிகாகோ, பாரிஸ் என்று வேறு பல நகரங்களிலும் இதே பாணியில் அமைப்புகள் இருக்கின்றன.

இதைக் கேட்டதும் நம் ஆட்கள் திருப்பிக் கேட்பது, "எத்தனை பாயிண்ட் காட்டுவார்?"

ஊட்டி டாக்ஸி ஸ்டாண்டு கற்றுக்கொடுத்த கேள்வி அது. ஏழு பாயிண்ட், ஒன்பது பாயிண்ட் என்று சுற்றிப் பார்க்கும் இடங்களை எண்ணிப் பேரம் பேசிப் பழகிவிட்டோம். தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒரு கேள்வியில்தான் ஆரம்பிக்கின்றன. வருகிறவர் உங்களுக்காக ஒரு பொழுதை ஒதுக்கிவைத்த ஊர்க்காரர். அவரிடம் பாயிண்ட் கணக்குப் பேச முடியாது. ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போகும்போது எப்படி நடந்துகொள்வோமோ அப்படி நடந்துகொண்டால் பாதி சிக்கல் தானாகவே விலகிவிடும்.

விண்ணப்பத்தில் நடக்கும் தவறுகள்

போய் இறங்கிய பிறகு கேட்பது முதல் தவறு. மூன்று நான்கு வாரம் முன்னதாக விண்ணப்பித்தால்தான் ஆள் பொருத்திப் பார்க்க அவர்களுக்கு நேரம் இருக்கும். அப்போதும் ஆள் கிடைத்தே தீரும் என்று உறுதி இல்லை. போய்ச் சேர்ந்த மறுநாளுக்குத் தேதி கொடுப்பதும் வேண்டாம். நம் நேரத்துக்கும் அங்குள்ள நேரத்துக்கும் கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம். பகல் இரண்டு மணிக்கே கண் சொக்கும். குறைந்தது நான்கு நாள் கழித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குழுவில் ஆறு பேர் வரைதான். "சித்தப்பா குடும்பமும் வந்திருக்கு, எல்லாரும் சேர்ந்தே போய்விடலாம்" என்று ஒன்பது பேராகப் போய் நிற்கக் கூடாது. அவர் திருப்பி அனுப்ப மாட்டார், சங்கடப்படுவார். அது அதைவிட மோசம்.

அடுத்தது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. விண்ணப்பத்தை நிரப்புவது பெரும்பாலும் பிள்ளைகள்தான். 'எதில் ஆர்வம்?' என்ற இடத்தில் 'உணவு, கட்டிடக்கலை, வரலாறு' என்று அவசரத்தில் தட்டிவிடுவார்கள். இதை வைத்து யார் என்ன செய்ய முடியும்? உங்கள் அப்பா முப்பது வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர் என்றால் அதை எழுதுங்கள். பழைய தொழிற்சாலைகள் இருந்த புரூக்ளின் ஆற்றங்கரைப் பக்கம் அழைத்துப் போகத் தோன்றும். அங்கே டொமினோ சர்க்கரை ஆலை 2004-இல் மூடப்பட்டது. பழைய செங்கல் சுவரை அப்படியே நிறுத்தி, உள்ளே கண்ணாடிக் கட்டிடம் எழுப்பியிருக்கிறார்கள். பாய்லரும் ரோலரும் பார்த்த மனுஷன் அதன் முன்னால் நின்றால் கேட்பதற்கு அவருக்கு நூறு கேள்வி இருக்கும். மேட்டுப்பாளையம் மலை ரயிலை நேசிக்கிறவர் என்றால் அதையும் எழுதலாம். சரக்கு ரயில் ஓடிய ஒரு மேம்பாதையை 2009 முதல் பூங்காவாக்கி மக்களை நடக்க விட்டிருக்கிறார்கள். ஹைலைன் என்று பெயர். தண்டவாளத்தைச் சில இடங்களில் செடிகளுக்கு நடுவே விட்டுவைத்திருக்கிறார்கள். நம் ஊர் ஆட்களுக்கு அது பிடிக்கும்.

அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று தனியாக ஒரு வரி வேண்டும். இது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

மூட்டுவலி, சர்க்கரை, காது மந்தம் எதையும் மறைக்க வேண்டாம். "மலையில் ஏறி இறங்கிய கால், சமதரையில் என்ன கஷ்டம்?" என்று நாம் நினைப்போம். ஏறுவதற்கு நம் கால் பழகியதுதான், இறங்கும்போதுதான் முட்டி பேசும். நியூயார்க் சப்வே முழுக்க இறங்குகிற படி. பாதிக்கு மேற்பட்ட ஸ்டேஷன்களில் லிஃப்ட் கிடையாது. முன்கூட்டியே சொன்னால் லிஃப்ட் உள்ள ஸ்டேஷனாகப் பார்த்து வழியை அமைப்பார்கள். தூரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரு குறுக்குத் தெருவிலிருந்து அடுத்த குறுக்குத் தெரு வரை உள்ள தூரத்தை அங்கே பிளாக் என்பார்கள். மேன்ஹாட்டனில் வடக்கு தெற்காக இருபது பிளாக் நடந்தால் ஏறக்குறைய ஒரு மைல். கிழக்கு மேற்காகப் போகும் பிளாக்குகள் இன்னும் நீளம். "இன்னும் ரெண்டே பிளாக்" என்று அவர் சொன்னால் எந்தத் திசை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஊட்டிக் குளிர் தெரிந்தவர்களின் தவறு

இது நமக்கே உரிய தவறு. மற்ற ஊர்க்காரர்கள் பயந்துபோய் மூட்டை மூட்டையாகக் கம்பளி எடுத்துப் போவார்கள். நாமோ "நாங்க பார்க்காத குளிரா?" என்று ஒரு ஸ்வெட்டர், ஒரு மங்கி குல்லாவோடு கிளம்பிவிடுவோம். டிசம்பர், ஜனவரியில் காந்தலிலும் தலைகுந்தாவிலும் உறைபனி விழும், பூஜ்யத்தை ஒட்டிப் போகும், எல்லாம் சரி. ஆனால் பத்து மணிக்கு வெயில் வந்து ஜெர்கினைக் கழற்றச் சொல்லிவிடும். நியூயார்க் ஜனவரியில் பகலிலேயே 4 டிகிரியைத் தாண்டாத நாட்கள் நிறைய. அதோடு ஆற்றுக் காற்று, கட்டிடங்களுக்கு நடுவே குழாயில் வருகிற மாதிரி வரும். கம்பளி ஸ்வெட்டருக்குள் அது சுலபமாக நுழைந்துவிடும். காற்றைத் தடுக்கும் மேல்கோட்டு, கையுறை, தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ மூன்றும் வேண்டும். கடைக்குள்ளும் ரயிலுக்குள்ளும் ஹீட்டர் கொளுத்தும். அதனால் ஒரே கனமான உடுப்பைவிட ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்ற வசதியாக இருப்பதே நல்லது. புடவைதான் கட்டுவேன் என்கிற அம்மாக்கள் உள்ளே தெர்மல் பேன்ட் போட்டுக்கொள்ளுங்கள். யாருக்கும் தெரியப் போவதில்லை.

ஒரு விஷயத்தில் நமக்குப் பழக்கம் கைகொடுக்கும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உள்ள மாவட்டத்திலிருந்து போகிறோம். எவர்சில்வர் பாட்டிலைப் பையில் போட்டுக்கொள்வது நமக்குப் புதிதல்ல. அங்கே குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், பூங்காக்களில் பிடித்துக்கொள்ளலாம். பாத்ரூம்தான் பிரச்சினை. பொதுக் கழிப்பறை சுலபமாகக் கிடைக்காது. பொது நூலகக் கிளைகளிலும் பெரிய பூங்காக்களிலும் இருக்கும். கூச்சப்படாமல் ஆரம்பத்திலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள், வழியில் எங்கே நிற்கலாம் என்று அவருக்குத் தெரியும்.

பணம், கவர், டீத்தூள்

கிரீட்டருக்கு டிப்ஸ் கொடுக்கக் கூடாது. அந்த அமைப்பின் விதியே அதுதான். வீட்டுக்காரர் போட்ட சாப்பாட்டுக்கு இலைக்கடியில் நோட்டு வைத்தால் எப்படி இருக்கும்? விடைபெறும்போது கவரை அவர் பாக்கெட்டில் திணிக்கிற நம் பாணியை அங்கே காட்ட வேண்டாம். கொடுத்தே ஆக வேண்டும் என்று மனசு சொன்னால் அமைப்புக்கு நன்கொடையாக அனுப்பலாம். கால் கிலோ நீலகிரி டீத்தூள் கொடுப்பதில் தப்பில்லை, அதோடு எப்படிப் போடுவது என்று நாலு வார்த்தை சொன்னால் சந்தோஷப்படுவார். வர்க்கி கொண்டுபோக வேண்டாம். பெட்டியைத் திறக்கும்போது தூள்தான் மிஞ்சும்.

இங்கே ஒரு குழப்பம் வரும். இணையத்தில் 'ஃப்ரீ வாக்கிங் டூர்' என்று வேறு ஒன்று கிடைக்கும். இருபது முப்பது பேர் சேர்ந்து நடப்பது. அதை நடத்துகிறவருக்கு அது பிழைப்பு, முடிவில் நீங்கள் கொடுக்கிற டிப்ஸ்தான் அவர் சம்பளம். அங்கே கொடுக்காமல் வருவதுதான் தவறு. கிரீட்டர் என்று நினைத்து இதில் சேர்ந்துவிட்டு, "இலவசம்னு சொன்னாங்களே" என்று வெறுங்கையோடு நழுவுகிறவர்கள் உண்டு. எதில் பெயர் கொடுக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நடக்கும்போது

பத்து மணி என்றால் பத்து மணி. "கிளம்பிட்டோம்" என்று வீட்டில் இருந்துகொண்டே சொல்லும் வழக்கம் அங்கே எடுபடாது. குளிரில் ஒருவர் தெருமுனையில் நின்றுகொண்டிருப்பார். வர முடியாவிட்டால் முந்தைய நாளே சொல்லிவிட வேண்டும். அங்கே வேலை செய்கிற போன் நம்பரைக் கொடுத்திருக்க வேண்டும், இந்திய சிம் நம்பரைக் கொடுத்துவிட்டு ரோமிங் போடாமல் இருப்பது வாடிக்கை.

பிள்ளையோடு எப்படியும் போகப் போகிற இடங்களை அவரிடம் கேட்காதீர்கள். லிபர்ட்டி சிலைக்கு வழிகாட்ட ஊர்க்காரர் தேவையில்லை. மதியம் ஆனதும் "இங்கே இட்லி எங்கே கிடைக்கும்?" என்றும் வேண்டாம். சைவம் என்று முதலிலேயே எழுதியிருந்தால் அவரே இடம் பார்த்து வைத்திருப்பார். காபிக்கு உட்கார்ந்தால் அவர் காசு அவரே கொடுக்க வருவார். நீங்கள் ஒரு காபி வாங்கிக் கொடுத்தால் நல்லதுதான், மல்லுக்கு நிற்க வேண்டாம்.

பல தம்பதிகளிடம் பார்க்கும் ஒன்று: அப்பா கிரீட்டரோடு முன்னால் நடப்பார், அம்மா பத்தடி பின்னால் பையோடு வருவார். இங்கிலீஷ் வராது என்று ஒரு காரணம் சொல்வார்கள். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஜாக்சன் ஹைட்ஸ் பக்கம் போய்ப் பாருங்கள். வங்காளதேசக் கடையில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் இருக்கும், பக்கத்திலேயே நேபாள மோமோ கடை, இந்தப் பக்கம் கொலம்பியா ரொட்டிக் கடை. அங்கே கேள்வி கேட்கத் தெரிந்தவர் அம்மாதான். பெயர் தெரியாத கிழங்கை எடுத்து, "இதை எப்படிச் சமைப்பீங்க?" என்று சைகையில் கேட்டால் கடைக்காரரும் கிரீட்டரும் சேர்ந்து விளக்குவார்கள்.

சம்பளம் எவ்வளவு, கல்யாணம் ஆயிற்றா, ஏன் ஆகவில்லை: இவற்றை விட்டுவிடலாம். வாடகையைப் பற்றிக் கேளுங்கள். நியூயார்க்காரர்கள் வாடகையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். உங்கள் ஊரைப் பற்றியும் சொல்லுங்கள். அவர் ஓய்வு நாளை விட்டு வருவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

போட்டோ விஷயத்தில் நமக்குக் கூடுதல் பொறுப்பு. தோடர் குடியிருப்பான மந்துக்கு வந்து, கேட்காமல் பாட்டியின் முகத்துக்கு நேரே போனை நீட்டுகிறவர்களைப் பார்த்து எரிச்சல்பட்ட ஊர் நம் ஊர். புரூக்ளினில் உள்ள வில்லியம்ஸ்பர்க்கில் கறுப்புக் கோட்டும் தொப்பியுமாகப் போகும் யூதக் குடும்பங்களைப் பார்த்ததும் போனை எடுக்காதீர்கள். அதுவும் வெள்ளி மாலை முதல் சனி இருட்டும் வரை அவர்களுக்கு ஓய்வுநாள், அப்போது படம் எடுப்பது அவர்களைப் புண்படுத்தும். மற்ற இடங்களில் கிரீட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

முடிந்த பிறகு இரண்டு வரி நன்றி மெயில் எழுதச் சொல்லுங்கள். எது பிடித்தது என்று குறிப்பாக எழுதினால் போதும்.

கிரீட்டர் கிடைக்கவில்லை என்றால்

வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். ஊதா நிறத்தில் 7 என்று போட்ட ரயிலில் ஏறுங்கள். குயின்ஸில் பெரும்பகுதி தெருவுக்கு மேலே தூண்களில் ஓடுவதால் ஜன்னல் வழியே பேட்டை பேட்டையாகப் பார்த்துக்கொண்டே போகலாம். எண் வட்டத்துக்குள் இருந்தால் எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும். சாய்சதுரத்துக்குள் இருந்தால் எக்ஸ்பிரஸ், பலவற்றைத் தாண்டிவிடும். ஜாக்சன் ஹைட்ஸ் பக்கம் உள்ள 74-ஆம் தெரு ஸ்டேஷனில் இறங்கி ஒரு மணி நேரம் நடங்கள். அப்புறம் கடைசி ஸ்டேஷனான ஃப்ளஷிங் மெயின் ஸ்ட்ரீட் வரை போனால் சீனக் கடைத்தெரு. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பவுன் தெருவில், 1977-இல் கும்பாபிஷேகம் நடந்த பிள்ளையார் கோயில். கோயில் கேன்டீனில் தோசை கிடைக்கும். சனி ஞாயிறுகளில் பராமரிப்புக்காக ரயில் ஓடும் விதத்தை மாற்றுவார்கள், கிளம்பும் முன் எந்தெந்த ஸ்டேஷனில் நிற்கும் என்று போனில் பார்த்துக்கொள்ளுங்கள்.